பங்குனி வெயிலில் ஐப்பசிக் குழம்பு

போன பங்குனியில் ஒரே வாரத்தில் ஏழு சுரைக்காய் இறக்கினேன். திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் இருந்தது ஒரே ஒரு சுரைக்கொடி. திங்கட்கிழமை பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, புதன்கிழமை சுரைக்காய் அடை, வெள்ளிக்கிழமை பால் விட்டுக் கூட்டு. அதோடு வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. மீதியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் கையைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார். “நேத்துதான் கோடி வீட்டுக்காரங்க ரெண்டு கொடுத்தாங்க தம்பி. ஃப்ரிட்ஜ்ல இடமே இல்ல.” கோடி வீட்டிலும் மாடித்தோட்டம், அதற்கு அடுத்த வீட்டிலும் மாடித்தோட்டம். எல்லோரும் தையில் விதைத்தோம், எல்லோருக்கும் பங்குனியில் காய்த்தது.

அதே வாரம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் வெண்டைக்காய் முற்றி நின்றது. நுனியை ஒடித்தால் ஒடியவில்லை, நார் நாராக வளைந்தது. கொத்தவரையில் விதை புடைத்துவிட்டது. கூடை நிறையப் பறித்து மட்குத் தொட்டியில் கொட்டும்போது மனம் கனத்தது. அறுபது நாள் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, குச்சி கட்டி வளர்த்தவை. எருவாகத்தான் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எருவுக்காக யாரும் வெண்டை வைப்பதில்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தமிழ்நாட்டு நகரங்களில் மாடித்தோட்டம் நன்றாகவே பரவிவிட்டது. 2013-14ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கியபோது அதைப் பொழுதுபோக்கு என்றே பலர் நினைத்தார்கள். இன்று சாதாரணத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் நாலைந்து மாடிகளிலாவது பச்சை வலை தெரிகிறது. விதைக்கவும் வளர்க்கவும் நமக்கு மறுபடி கை பழகிவிட்டது. சமைக்கவும் தெரிகிறது. சமைத்தது போக மிஞ்சுவதை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். நம் பாட்டிமார் தோட்டம் போட்டதே அந்த மிச்சத்துக்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வேலியோரத்துச் சுண்டை

என் அப்பாயியின் ஊர் லால்குடி பக்கம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லை பத்து சென்ட் கூட இருக்காது. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒரு வாய்க்காலாக ஓடி வாழைக்குப் போகும். வாழைக்குக் கீழே ஈரம் கசியும் இடத்தில் சேப்பங்கிழங்கு. கிணற்றை ஒட்டிப் பந்தல் போட்டு அதில் அவரையோ பாகலோ பீர்க்கோ, பருவத்துக்கு ஒன்று. மூலையில் போத்து நட்டு வளர்த்த முருங்கை. வேலியோரம் ஆள் உயரத்துக்குச் சுண்டை. மணத்தக்காளியை அப்பாயி ஒருநாளும் விதைத்ததில்லை. பழம் தின்ற குருவி வேலியில் உட்கார்ந்து எச்சமிட்ட இடத்தில் அது தானாக முளைக்கும். களை எடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்குவார். அதுதான் அதற்குச் செய்த ஒரே பராமரிப்பு.

சுண்டையும் கத்தரியும் ஒரே குடும்பம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இலையையும் பூவையும் பார்த்தாலே தெரியக்கூடியது, பார்க்கத் தோன்றவில்லை. வாடல் நோய்க்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் கத்தரி எளிதில் மடங்கிவிடும். சுண்டை தாங்கி நிற்கும். அதனால் சுண்டையின் வேர்ப்பாகத்தில் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்க்கும் முறையைத் தோட்டக்கலை ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாடியில் கத்தரி திடீர் திடீரென்று வாடிச் சாகிறது என்று வருந்துபவர்கள் ஓர் ஒட்டுக்கத்தரி நாற்றை வாங்கி வைத்துப் பார்க்கலாம். என்னிடம் இருக்கும் செடி இரண்டு வருடமாகக் காய்க்கிறது.

பட்டம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழியைச் சொல்லாத தமிழன் இல்லை. ஆனால் வீட்டுக் காய்கறிக்கு ஆடியைப் போலவே தையும் பட்டம்தான். ஜூன் 12ல் மேட்டூர் திறக்கிற வழக்கமான வருடங்களில், ஆடி பிறக்கும்போது எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். ஆடிப்பெருக்கன்று முளைப்பாரி எடுப்பார்கள். எந்த விதை தடித்து முளைக்கிறது, எது சோடை என்று அந்தத் தொட்டியிலேயே தெரிந்துவிடும். அவரை, பூசணி, சுரை, கத்தரி, மிளகாய் எல்லாம் ஆடியில் மண்ணுக்குள் போகும்.

மாடியில் ஆடிப் பட்டம் போடுபவர்கள் காற்றை மறக்கக்கூடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதன் பொருள் நாலாவது மாடியில் பந்தல் கட்டியவனுக்கு நன்றாகப் புரியும். கொடி ஏறுவதற்கு முன்பே, ஆனி கடைசியில், பந்தல் கால்களைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கொடி படர்ந்த பிறகு அந்தப் பந்தல் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும்.

பந்தல் அவரைக்குப் பொறுமை வேண்டும். ஆடியில் போட்டால் ஆவணி, புரட்டாசி முழுக்கக் கொடியும் இலையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு பூ இருக்காது. உரம் போதவில்லையோ என்று பதறி எதையாவது கொட்டுவோம். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். கார்த்திகையில் பூத்து, மார்கழியில் காய்த்து, தைப் பொங்கல் குழம்புக்குச் சரியாக வந்து சேரும். பொங்கலன்று அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் எல்லாம் சேர்த்துக் குழம்பு வைக்கும் வழக்கம், அன்றைக்குக் கொல்லையில் என்ன இருந்ததோ அதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

தைப் பட்டம் வேறு கணக்கு. வெண்டை, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி. மாசியில் பூக்கும், பங்குனியில் குவியும். குவிகிற அதே மாதம் வெயிலும் ஏறும். சித்திரை கடைசியில் கத்திரி வெயில் பிறப்பதற்குள் கொடிகள் ஓய்ந்துவிடும். காய் குவிவதும் வெயில் காய்வதும் ஒரே மாதத்தில் வருகின்றன என்பதை அப்பாயிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. எனக்கோ ஏழு சுரைக்காய் தேவைப்பட்டது.

மண்கலவை, பை அளவு, தொட்டி வகை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சமம். கீரைக்கு ஆழம் வேண்டாம், கொடிக்கும் கத்தரிக்கும் ஒன்றரை அடி ஆழம் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. கொடுமுடி டாக்டர் கே.நடராஜன் பரப்பிய அந்தக் கரைசலில் செடிகள் தெளிவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பூவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பூக்கிறது, பிஞ்சு பிடிக்கவில்லை என்பதுதான் மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் சொல்லும் குறை. சுரை, பீர்க்கு, புடல், பாகல் எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் ஆண்பூவே வரும், அது உதிர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பெண்பூவுக்கு அடியில் பிறக்கும்போதே குட்டிப் பிஞ்சு இருக்கும். இன்னொன்றும் உண்டு. பாகல் காலையில் மலரும். பீர்க்கின் மஞ்சள் பூ சாயங்காலம்தான் விரியும். சுரையின் வெள்ளைப்பூவும், ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கும் புடலம்பூவும் பொழுது சாய்ந்த பிறகு. அவற்றை நாடி வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. உயரமான கட்டடத்தில் அது வராவிட்டால், ஏழு மணிக்கு நாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். கோடை இரவில் இருட்டு கவிகிற நேரத்தில் புடலம்பூ விரிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே அந்தக் கொடியை வைக்கலாம் என்பேன்.

பூச்சியில் மாவுப்பூச்சிதான் என்னைப் பெரிதும் படுத்தியது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது கோவையில், 2008ல். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது, 2010ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள். கொசுவை விடச் சிறியவை. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்த்தன. கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். அதிலிருந்து நான் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதோடும், வேப்பெண்ணெய்க் கரைசலோடும் நிறுத்திக்கொண்டேன். கத்தரியில் வாடிய நுனி தெரிந்தால் உடனே கிள்ளி எறிந்துவிட வேண்டும், உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். அதைத் தாமதித்தால் அடுத்து அது காய்க்குள் போகும்.

பறித்த அன்றைக்கே

கடையில் வாங்கும் காய்க்கும் கொல்லைக் காய்க்கும் சமையலில் இருக்கும் வித்தியாசம், மசாலா எவ்வளவு குறைகிறது என்பதில் தெரியும். அன்று பறித்த பிஞ்சு வெண்டைக்குக் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய் போதும். புடலங்காயைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் தூவினால் தீர்ந்தது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மாதிரி நாட்டுக் கத்தரியைக் காம்போடு நாலாகப் பிளந்து நல்லெண்ணெயில் வதக்கும்போது தோல் கரையாமல் நிற்க, உள்ளே மட்டும் வெண்ணெயாக இளகும்.

வீட்டில் செடி வைத்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் பதார்த்தங்கள் சில உண்டு. பூசணிக் கொடியின் கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்யலாம். கொழுந்து கிள்ளினால் பக்கக் கிளை விட்டு இன்னும் படரும், கொடிக்கும் நல்லது. பூசணியின் ஆண்பூவைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் குழந்தைகள் போட்டி போட்டுத் தின்கின்றன. பீர்க்கங்காயைக் கூட்டுக்கு நறுக்கிவிட்டு, சீவிய தோலை உளுத்தம்பருப்பு, புளி, மிளகாயோடு வதக்கி அரைத்தால் துவையல். முள்ளங்கி இலை பருப்போடு மசியும். ஒரு கொடியைப் பூவாக, கொழுந்தாக, பிஞ்சாக, தோலாக, விதையாகத் தின்னத் தெரிந்த சமையல் நம்முடையது. காய் மட்டும் சந்தைக்கு வருவதால் மற்றதெல்லாம் மறந்துபோனது.

சுரைக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பாயி சட்டியில் போடுவார். கசந்தால் காயை அப்படியே எறிந்துவிடுவார். சுரை, பீர்க்கு, வெள்ளரி குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் சில காய்களில் கூடிவிடும். அது வேகவைத்தாலும் போகாது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. பாகல் கசப்பது வேறு, சுரை கசப்பது வேறு.

ஜாடிகள் இருந்த பரண்

அப்பாயி வீட்டு அடுக்களையில் பரணுக்குக் கீழே வரிசையாகப் பீங்கான் ஜாடிகளும் மூடி போட்ட தகர டின்களும் இருக்கும். கொத்தவரங்காய் வற்றல், சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், மாவற்றல், சுருள் சுருளாக அரிந்து உப்பில் காய்ந்த நார்த்தங்காய், உருண்டை உருண்டையாகத் தாளிப்பு வடகம். கேட்பாரில்லாமல் இருக்கும் அந்த டின்களுக்கு ஐப்பசி பிறந்ததும் மரியாதை வந்துவிடும். கொல்லையில் தண்ணீர் நிற்கும், செடிகள் அழுகும், சந்தைக்குப் போகும் பாதை சேறாகும். அந்த மழைக்காலம் முழுக்க டின்கள்தான் தோட்டம்.

அப்பாயி இறந்து பதினாறு வருடம். சுரைக்காய் சம்பவத்துக்குப் பிறகு பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். “இதையெல்லாம் யாருடா இப்பக் கேக்குறா,” என்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பழைய வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்.

அவர் முதலில் சொன்னது, எது காயும் எது காயாது என்பதை. சுரைக்காயில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர். காயவைத்தால் வற்றல் வராது, மெல்லிய காகிதம் மாதிரி ஏதோ ஒன்று வரும். வெண்பூசணியும் அப்படித்தான். ஆனால் வெண்பூசணியை நம் ஆட்கள் விட்டுவிடவில்லை. துருவிப் பிழிந்து, அரைத்த உளுந்தோடும் பச்சை மிளகாயோடும் பெருங்காயத்தோடும் கலந்து, துணியில் கிள்ளி வைத்து வடகமாக்கினார்கள். காய்க்கு உடம்பு இல்லை, உளுந்து உடம்பு கொடுக்கிறது. இந்த ஒரு யோசனையை நினைத்து நினைத்து நான் வியக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வேப்பம்பூவை இதே போல உளுந்தோடு சேர்த்து வடகம் போடுகிறார்கள்.

கொத்தவரையில் விஷயம் நேர். பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர், மீதி நல்ல சதைப்பற்றும் நாரும். முற்றாத காயாகப் பார்த்து இரு முனையையும் கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் அரைவேக்காடு. “நிறம் மாறுறதுக்குள்ள வடிச்சிடு,” என்றார் பெரியம்மா. அந்த ஒரு கொதியில் காய்க்குள் இருக்கும் நொதிகள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காய்ந்த பிறகும் அவை வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். உப்பு உள்ளே போய் மிச்ச ஈரத்தைக் கட்டிப்போடும். பூஞ்சைக்கு அந்த ஈரம் எட்டாது. நல்ல வெயிலில் நான்கு நாள். மூன்று கிலோ காய்க்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வற்றல் கிடைத்தது.

சுண்டைக்குக் கை வேலை அதிகம். காம்பு நீக்கி, ஒவ்வொன்றையும் கல்லால் லேசாகத் தட்டி வாய் திறக்கவேண்டும், நசுங்கிவிடக்கூடாது. பிறகு புளித்த மோரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். பகலில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில். மோர் முழுவதும் காய்க்குள் போகும் வரை இப்படியே. உப்பும் புளிப்பும் சேர்ந்து சுண்டையின் கசப்பை மட்டுப்படுத்திவிடுகின்றன. மோர் மிளகாய்க்கும் இதே முறை, குட்டையான தடித்த மிளகாயை நுனியில் கீறி. பெரியம்மா பொழுது விழும் நேரத்தில் கீழே இறங்கிப் போய், காய்ந்த மிளகாயை மீண்டும் மோரில் போட்டுக் குலுக்கி, ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கை நிற்காது. அந்தக் கைக்கு இந்த வேலை ஐம்பது வருடப் பழக்கம். இத்தனை நாள் நான் கேட்காமல் இருந்தது என்னை வருத்தியது.

வெண்டையைக்கூட வட்டமாக அரிந்து மோரில் போட்டு வற்றல் செய்யலாம். கத்தரிக்காயை நீளவாக்கில் பிளந்து புளித்தண்ணீரில் ஒரு கொதி விட்டுக் காயவைத்தால், சாம்பாரில் போடும்போது கருவாட்டின் கனம் வரும். பாகலை வளையம் வளையமாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிசறினால் போதும். கீரைக்கு மட்டும் வெயில் ஆகாது. முருங்கைக்கீரையை உருவி வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில், நிழலில், உலர்த்திப் பொடி செய்ய வேண்டும். நேர் வெயிலில் பச்சை நிறமும் கரோட்டினும் வெளுத்துப் போகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகத்தை விதை போட்டு டிரம்மில் வளர்த்தால் ஆறேழு மாதத்தில் கீரையும் காயும் வீட்டுக்குப் போதும் போதும் என்று வரும்.

சின்ன வெங்காயம் விலை இறங்கும் நேரத்தில் தாளிப்பு வடகம். வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு கலந்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்ட வேண்டும். மறுநாள் உருண்டையை உதிர்த்துக் காயவைத்து மறுபடி உருட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போகும். அந்த நாட்களில் தெருவுக்கே தெரியும், இந்த வீட்டில் வடகம் காய்கிறது என்று.

காக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களைச் சிறுவயதில் காவலுக்கு உட்கார வைப்பார்கள், கையில் ஒரு குச்சியோடு. கூலியாகப் பாதி காய்ந்த வடகம் தின்னலாம். வெளியே மொறுமொறு, உள்ளே ஈர மாவு. அந்த ருசி வேறு எதிலும் வரவில்லை. இப்போது காவலுக்கு ஆள் இல்லை. கொசுவலைத் துணி அடித்த மரச்சட்டம் ஒன்று செய்துகொண்டேன். சாலைத் தூசிக்கும் அது நல்லது.

ஒரு மூட்டம்

முதல் தடவை போட்ட வற்றலில் பாதியை இழந்தேன். மூன்றாம் நாள் மேகம் மூட்டம் போட்டது. காய்ந்த மாதிரிதான் இருந்தது. அவசரப்பட்டு, சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் அடியில் பச்சைப் பூசணம். மேலே இருந்ததைத் தட்டிக் கழுவி மறுபடி காயவைக்கலாமா என்று பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். “அப்படியே கொட்டு,” என்றார். அது சரிதான். சரியாகக் காயாத மிளகாயிலும் வற்றலிலும் பிடிக்கும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடுகின்றன. கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது, ஈரலைக் கெடுக்கும். ஒரு டப்பா வற்றலுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

காய்ந்ததற்கு அடையாளம்: கொத்தவரை சடக்கென்று ஒடிய வேண்டும், வளையக்கூடாது. சுண்டையைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். வெயிலிலிருந்து எடுத்து முழுக்க ஆறிய பிறகே கண்ணாடிப் பாட்டிலிலோ எவர்சில்வர் டின்னிலோ போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுவெயில். மூட்டமான நாளில் காயை மோரிலேயே விட்டுவிட்டு வெயிலுக்குக் காத்திருக்கலாம், உப்பும் புளிப்பும் ஒரு நாள் தாங்கும்.

தொக்கு வகைக்கு வெயில் வேண்டாம், அடுப்பு போதும். விலை விழும் மாதங்களில் பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். 2023 ஜூலையில் விலை எகிறி, அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதையும் பார்த்தோம். மலிவான மாதத்தில் நாலு கிலோவைத் தொக்காக்கி வைக்கும் வீடுகள் நிறைய இருந்தால் அந்த விவசாயிக்கும் நல்லது, நமக்கும் நல்லது. தொக்கில் புளி சேர்ப்பது ருசிக்கு மட்டுமில்லை. அமில அளவு பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்ற கடும் உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது இதனால்தான் ஆபத்து. புளியோ எலுமிச்சையோ சேர்த்து நன்றாகச் சுண்ட வதக்கிய பூண்டுத் தொக்குக்கு அந்தப் பயம் இல்லை.

வற்றலில் உப்பு அதிகம் என்ற புகார் நியாயமானது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வற்றலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் குழம்பில் போடலாம், குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. அம்மாவுக்காக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். தொட்டுக்கொள்ளும் பண்டம் அது. அப்பாயி வீட்டில் ஓர் ஆளுக்கு மோர் மிளகாய் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஐப்பசி

போன வருடம் ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மாடிக்குப் போக முடியவில்லை. பைகளில் தண்ணீர் தேங்கித் தக்காளி நாற்றெல்லாம் சாய்ந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டிலிருந்து தள்ளுவண்டிக்காரர் வரவில்லை. நான்காம் நாள் காலையில் மனைவி இருப்புச்சட்டியில் நல்லெண்ணெயைக் காயவைத்தார். சுண்டையும் மணத்தக்காளியும் பொரிந்து கருக்கும் மணம் மாடிப்படி வரை வந்தது. புளி கரைத்து ஊற்றி, குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதந்தபோது அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கொத்தவரை வற்றலைத் தனியாக வறுத்தோம். சூடான சோறு, அந்தக் குழம்பு, சுட்ட அப்பளம்.

சாப்பிட்டு முடிக்கும்போது எதிர்வீட்டுப் பையன் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா.

“கொத்தவரங்கா வத்தல் கொஞ்சம் இருக்குமான்னு அம்மா கேட்டாங்க, மாமா. வாசனை அங்க வந்துச்சாம்.”

டப்பாவை நிரப்பிக் கொடுத்தேன். பரணில் இருந்த சுரைக்குடுக்கையையும் எடுத்துக் காட்டினேன். பங்குனியில் இறக்கிய அந்த ஏழோடு நிறுத்தாமல் காய்த்த எட்டாவது அது. கொடியிலேயே விட்டு முற்றக் காயவிட்டது. குலுக்கச் சொன்னேன். உள்ளே விதைகள் உருண்ட சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காதோடு வைத்து மறுபடி குலுக்கினான். மறுநாள் டப்பா திரும்பி வந்தது. உள்ளே காகிதத்தில் மடித்து ஏழெட்டுப் பாகல் விதை. மேலே பேனாவால் எழுதியிருந்தது: ‘தைக்கு’.